எஸ்க்யூஎல் தரவுத்தளமும் மெய்நிகர் இயந்திரங்களும் உள்ள பெரிய வால்யூம்களை டிஃப்ராக் செய்யலாமா?

வட்டுக்காவலன் (கேள்வி)

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு விண்டோஸ் சர்வர்கள் என் பராமரிப்பில் இருக்கின்றன. முதலாவதில் எஸ்க்யூஎல் சர்வர் இயங்குகிறது. பல சுழலும் வன்வட்டுகளை ஒன்றாக இணைத்த ரெய்டு 10 அமைப்பின் மேல் 4 டிபி அளவில் ஒரே வால்யூம், அதாவது ஒரே சேமிப்புப் பகுதி. அதில் ஏறத்தாழ 1.8 டிபி எடையுள்ள ஒரு பெரிய தரவுக் கோப்பும், பதினொரு சிறிய தரவுத்தளங்களும், அவற்றின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் லாக் கோப்புகளும் சேர்ந்தே கிடக்கின்றன. இரண்டாவது, மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் ஹைப்பர்-வி ஹோஸ்ட். அதன் எஸ்எஸ்டி வால்யூமில் இருபதுக்கும் மேற்பட்ட மெய்நிகர் இயந்திரங்களின் விஎச்டிஎக்ஸ் கோப்புகள் (மெய்நிகர் வட்டுகள்), எல்லாம் தேவைக்கேற்ப வளரும் டைனமிக் வகையில், இருக்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு மணி நேரத்தில் முடிந்த முழு பேக்கப், இப்போது ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளியில் தரவு கால் பங்குதான் வளர்ந்திருக்கிறது. மாத இறுதி அறிக்கைகளும் மெதுவாகிவிட்டன. சென்ற மாதம், தரவுத்தளம் பழுதின்றி இருக்கிறதா என்று பார்க்கும் செக்டிபி சோதனை, இயங்குதளப் பிழை எண் 665 என்று சொல்லிப் பாதியில் நின்றது. விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் சாளரம் முதல் சர்வரின் வால்யூமை 61 சதவீதம் துண்டாடப்பட்டதாகக் காட்டுகிறது. இந்த எண்ணைப் பார்த்த என் மேலதிகாரி, கோப்புகளின் சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும், தானாக இயங்கும் ஒரு டிஃப்ராக் மென்பொருளை வாங்கி, வாரந்தோறும் இரு ஹோஸ்ட்களிலும், கூடவே ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளேயும், ஓடவிடலாம் என்கிறார்.

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பை வட்டில் இடம் மாற்றுவது பாதுகாப்பானதா, எஸ்எஸ்டியில் இதனால் ஏதேனும் பயன் உண்டா, 665 பிழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அணிற்பிள்ளை

ஐயா, 61 சதவீதம் என்ற எண்ணை முதலில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். உங்கள் பெரிய கோப்பு எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது, ஒரு துண்டு சராசரியாக எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் அது சொல்வதில்லை. 1.8 டிபி கோப்பு முந்நூறு துண்டுகளாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே கோப்பு பத்து லட்சம் துண்டுகளாக இருந்தால் அது வேறு நோய்.

ஏன் துண்டின் அளவுதான் முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டில் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 4.2 மில்லிவினாடி ஆகும். தலைப்பகுதி வேறு தடத்துக்கு நகர எட்டு மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தாவலுக்கும் சுமார் 12 மில்லிவினாடி வீணாகிறது. அந்த வட்டு வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 150 எம்பி தருமானால், 1 எம்பியைப் படிக்க ஏழு மில்லிவினாடிக்கும் குறைவாகவே ஆகும். ஆகவே கோப்பு 1 எம்பி துண்டுகளாகச் சிதறியிருந்தால் படிக்கும் நேரத்தைவிடத் தாவும் நேரம் ஏறக்குறைய இரு மடங்கு. வேகம் மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது. அதே கோப்பு 64 எம்பி துண்டுகளாக இருந்தால், ஒரு துண்டைப் படிக்கவே 430 மில்லிவினாடி ஆவதால், இடையில் வரும் 12 மில்லிவினாடித் தாவல் மூன்று சதவீத இழப்புக்குள் அடங்கிவிடுகிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து உள்ளமைந்த டிஃப்ராக் 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைப் பொருட்படுத்தாமல் விட்டதன் பின்னணியும் இதுதான். ரெய்டு 10 அமைப்பில் பல வட்டுகள் ஒரே நேரத்தில் உழைப்பதால் உங்கள் எண்கள் மாறும். ஆனால் விகிதத்தின் போக்கு மாறாது.

அளப்பதற்கு சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள காண்டிக் என்ற சிறு கருவி போதும். ஆராய்ச்சிக்கான தேர்வுடன் இயக்கினால், எதையும் நகர்த்தாமல், குறிப்பிட்ட கோப்பின் துண்டு எண்ணிக்கையை மட்டும் சொல்லும். துண்டுகளின் முழுப் பட்டியல் வேண்டுமானால் விண்டோஸிலேயே உள்ள எஃப்எஸ்யூட்டில் கருவியில் கோப்பின் எக்ஸ்டென்ட்களை (தொடர்ச்சியான துண்டுகளை)க் கேட்கும் கட்டளை இருக்கிறது. இவற்றோடு பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ஸ்பிளிட் ஐஓ என்ற அளவியையும் ஒரு பேக்கப் நேரம் முழுவதும் பதிவுசெய்யுங்கள். மேலிருந்து வரும் ஒரே கோரிக்கை, துண்டாடல் காரணமாகப் பல கோரிக்கைகளாக உடைபடுவதை அது எண்ணுகிறது. அந்த எண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தால், மந்தத்துக்குக் கோப்பு முறையின் மீது பழி போட வேண்டியதில்லை.

இயங்கும் கோப்பை நகர்த்துவது பாதுகாப்பானதா என்று கேட்டீர்கள். விண்டோஸ் என்டி 4.0 முதலே கிளஸ்டர்களை, அதாவது வட்டில் இடம் ஒதுக்கும் அலகுகளை, நகர்த்தும் வேலையைக் கோப்பு முறையே செய்து கொடுக்கிறது. டிஃப்ராக் மென்பொருள் எதை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்க மட்டுமே செய்கிறது. அதனால் திறந்திருக்கும் தரவுக் கோப்பும் பிழையின்றி இடம் மாறும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நகர்த்தும் வேலையும் தரவுத்தளமும் ஒரே வட்டுக்காகப் போட்டியிடும். மேலும், அந்த வால்யூமில் ஷேடோ காப்பி (முந்தைய நிலையின் நகல்) வைத்திருந்து, கிளஸ்டர் அளவு 16 கேபிக்குக் குறைவாக இருந்தால், டிஃப்ராக் செய்யும் நகர்வுகள் எல்லாம் மாற்றங்களாகவே பதிவாகி, பழைய ஷேடோ காப்பிகள் இடமின்றி அழிந்துபோகக்கூடும். இதைத் தெரியாமல் ஓடவிட்டு, மறுநாள் பழைய பதிப்புகளைத் தேடி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துண்டு எண்ணிக்கையையும், அந்தக் கோப்பின் தானியங்கி வளர்ச்சி அளவையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டாவது எண்ணில்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன்.

மேகத்தச்சர்

ஹைப்பர்-வி ஹோஸ்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளே டிஃப்ராக் ஓடவிடும் யோசனையைத் தயவுசெய்து இன்றே கைவிடச் சொல்லுங்கள்.

டைனமிக் விஎச்டிஎக்ஸ் கோப்பு, உள்ளிருக்கும் இயங்குதளம் இதுவரை தொடாத ஒரு பகுதியில் எழுதும்போது, வழக்கமாக 32 எம்பி அளவுள்ள ஒரு பிளாக்காக வளர்கிறது. இருபது இயந்திரங்களும் மாறி மாறி வளர்வதால் ஹோஸ்டில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் துண்டு ஒன்றுக்கு 32 எம்பி என்றால், அணிற்பிள்ளை போட்ட கணக்கின்படி, சுழலும் வட்டில்கூட அது பெரிய இழப்பில்லை. எஸ்எஸ்டியில் தலைப்பகுதியும் இல்லை, சுழற்சியும் இல்லை. கோப்பு முறை காட்டும் முகவரிக்கும் ஃபிளாஷ் சில்லில் உள்ள உண்மையான இடத்துக்கும் நடுவே கட்டுப்பாட்டகத்தின் மொழிபெயர்ப்பு அட்டவணை ஒன்று நிற்கிறது. ஆகவே நீங்கள் அடுக்கிவைக்கும் வரிசை சில்லுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. எழுதித் தேய்வதுதான் மிச்சம். எஸ்எஸ்டி வால்யூமில் டிஃப்ராக் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உள்ளே ஓடவிடுவதால் நேரும் தீங்கு இன்னும் பெரியது. விருந்தினர் இயங்குதளம், அதாவது மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளே இயங்குவது, தன் கோப்புகளை நகர்த்தும்போது, அதுவரை தொடப்படாத பிளாக்குகளில் எழுதுகிறது. ஹோஸ்டில் உள்ள விஎச்டிஎக்ஸ் கோப்பு, ஒரு பயனுள்ள பைட் கூடக் கூடாமலேயே, வீங்கிப் பெருக்கிறது. செக்பாயின்ட் (இயந்திரத்தின் ஒரு கணநிலைப் பதிவு) ஒன்று எடுத்துவைத்திருந்தால் நகர்ந்தவை அனைத்தும் அதன் வேறுபாட்டுக் கோப்பில் போய்க் குவியும். மாறிய பிளாக்குகளை மட்டும் எடுக்கும் பேக்கப் முறை, விண்டோஸ் சர்வர் 2016 முதல் ஹைப்பர்-வியில் உள்ள மாற்றத் தடமறிதல் ஆனாலும், விஎம்வேரில் உள்ள அதையொத்த வசதி ஆனாலும், நகர்ந்த ஒவ்வொரு பிளாக்கையும் மாறியதாகவே எண்ணும். அன்றிரவு எடுக்கும் இடைநிலை பேக்கப் முழு பேக்கப்புக்கு நிகராகிவிடும். வேறொரு இடத்துக்குப் பிரதி அனுப்புகிறீர்கள் என்றால் இணைப்பும் நிரம்பும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. விண்டோஸ் சர்வர் 2012 முதல், வட்டின் வகையை அறிந்து அதற்கேற்ற வேலையைச் செய்யும் வசதி உள்ளமைந்த கருவியிலேயே வந்துவிட்டது. விஎச்டிஎக்ஸ் வட்டைத் தேவைக்கேற்ப வளரும் வட்டு என்று அடையாளம் கண்டு, அது வழக்கமான டிஃப்ராக் செய்யாமல், அரைகுறையாக நிரம்பிய பகுதிகளை ஒன்றுசேர்த்து, ரீட்ரிமும் செய்கிறது; ரீட்ரிம் என்பது, விருந்தினரில் அழிக்கப்பட்ட இடங்களை ஹோஸ்டுக்குத் திருப்பிச் சொல்கிறது. ஆகவே உள்ளமைந்த அட்டவணைப் பணியை நிறுத்த வேண்டாம். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து அதன் மேல் ஏற்றவும் வேண்டாம். இடம் மீட்க வேண்டுமென்றால், ரீட்ரிம் முடிந்தபின் இயந்திரத்தை நிறுத்தி, ஹோஸ்டில் விஎச்டி சுருக்கக் கட்டளையை இயக்குங்கள்.

மந்தம் இருக்கிறது என்றால் முதலில் செக்பாயின்ட் சங்கிலிகளைப் பாருங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் விடப்பட்ட செக்பாயின்ட் ஒவ்வொன்றும், ஒரு பிளாக்கைத் தேடும்போது கடக்க வேண்டிய இன்னொரு கோப்பாகிறது. அடுத்ததாக, பழைய இயந்திரங்களின் பகிர்வுத் தொடக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் பகிர்வு 63 செக்டர் தள்ளி, அதாவது 31.5 கேபியில், தொடங்கியது. அது 4 கேபி எல்லையில் பொருந்தாததால் உள்ளிருந்து வரும் 4 கேபி எழுதும் கோரிக்கைகூட அடியில் இரண்டு பக்கங்களைத் தொடும். 2008 பதிப்பு முதல் தொடக்கம் 1 எம்பிக்கு மாறியதால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் பழைய இயந்திரத்தை அப்படியே மெய்நிகராக மாற்றியவர்கள் இந்தக் கோணலையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார்கள். எவ்வளவு டிஃப்ராக் செய்தாலும் இது நேராகாது.

பக்கம்_8கேபி

மேகத்தச்சர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். எஸ்எஸ்டியில் பேச்சுக்கே இடமில்லை என்ற ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. 665 பிழை அந்த வரிக்குள் அடங்காது.

விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளில் 1 கேபி அளவுள்ள ஒரு பதிவை வைத்திருக்கிறது. கோப்பின் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்ற பட்டியல் அந்தப் பதிவில் கொள்ளாமல் போகும்போது கூடுதல் பதிவுகள் சேர்க்கப்படுகின்றன. அந்தக் கூடுதல் பதிவுகளை நினைவில் வைக்கும் அட்டவணைக்கோ 256 கேபி என்ற உச்சவரம்பு இருக்கிறது. வரம்பு நிரம்பிவிட்டால், வால்யூமில் எத்தனை டிபி காலியாக இருந்தாலும், அந்தக் கோப்பு மேலும் ஒரு துண்டைக்கூட ஏற்காது. அப்போது வருவதுதான் 665. இது தலைப்பகுதியின் பயணத்தைப் பற்றிய சிக்கல் அல்ல, கணக்கேட்டில் இடமில்லை என்ற சிக்கல். எஸ்எஸ்டியிலும் அதே இடத்தில் அதே பிழை வரும்.

செக்டிபியில் இது ஏன் தலைகாட்டுகிறது என்றால், சோதனை நடக்கும்போது தரவுத்தளத்தின் ஒரு நிலையான தோற்றத்தைப் பெறுவதற்காக எஸ்க்யூஎல் சர்வர் உள்ளுக்குள் ஒரு ஸ்னாப்ஷாட்டை உருவாக்குகிறது. அது இடைவெளிகளை விட்டுவிட்டு நிரம்பும் ஸ்பார்ஸ் கோப்பு. சோதனை ஓடும் நேரத்தில் பயனர்கள் மாற்றும் பக்கங்களின் பழைய வடிவங்கள் அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதப்படுகின்றன. வட்டு மெதுவானால் சோதனை நீள்கிறது. சோதனை நீண்டால் மாற்றங்கள் கூடுகின்றன. மாற்றங்கள் கூடினால் துண்டுகள் பெருகி வரம்பை முட்டுகின்றன. உங்கள் பேக்கப்பும் செக்டிபியும் ஒரே காலத்தில் நோயுற்றது தற்செயல் அல்ல என்றே கருதுகிறேன்.

நிலையான மருந்து, வால்யூமை வடிவமைக்கும்போது பெரிய கோப்புப் பதிவுகளுக்கான தேர்வைக் கொடுப்பது. ஃபார்மட் கட்டளையில் எல் என்ற ஒற்றை எழுத்தாக அது இருக்கிறது. பதிவின் அளவு 1 கேபியிலிருந்து 4 கேபியாக உயர்கிறது. ஏற்கெனவே உள்ள வால்யூமில் இதை மாற்ற வழியில்லை, புதிதாக வடிவமைத்தே ஆக வேண்டும். அதுவரை, பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டெடுத்து அங்கே செக்டிபியை ஓட்டுங்கள். பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்ற சோதனையும் அதிலேயே நடந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவைக்க விரும்புகிறேன். நான் பணியாற்றிய இடங்களில் எல்லாம், கோப்பு முறையின் துண்டாடலையும் தரவுத்தளத்துக்குள், தரவைத் தேட உதவும் இன்டெக்ஸ்களின் துண்டாடலையும் ஒன்றாக எண்ணித்தான் தவறான இடத்தில் நேரம் செலவழிக்கப்பட்டது. தரவுக் கோப்பு வட்டில் ஒரே நீளத் துண்டாக இருந்தாலும், அதற்குள் எஸ்க்யூஎல் சர்வர் தரவை வைக்கும் 8 கேபி பக்கங்களின் வரிசை தாறுமாறாக இருக்க முடியும். விண்டோஸ் டிஃப்ராக்குக்குப் பக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. இன்டெக்ஸ் மறுகட்டமைப்புக்கு வட்டின் கிளஸ்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒன்று மற்றொன்றைச் சரிசெய்யாது.

இன்டெக்ஸில் 5 சதவீதத்துக்கு மேல் மறுவரிசையாக்கம், 30 சதவீதத்துக்கு மேல் மறுகட்டமைப்பு என்ற பழைய விதியை அப்படியே பின்பற்றுவதை நான் நிறுத்திவிட்டேன். ஆயிரம் பக்கங்களுக்குக் குறைவான இன்டெக்ஸில் அந்தச் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. பெரிய இன்டெக்ஸில் நான் பார்ப்பது பக்கம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையே. பக்கங்கள் பாதி காலியாக இருந்தால் வட்டில் மட்டுமல்ல, நினைவகத்திலும் பாதி காற்றைத்தான் சுமக்கிறீர்கள். பேக்கப்பும் அந்தக் காற்றையும் சேர்த்தே எழுதும். மறுகட்டமைப்புக்குப் பிறகு வினவல்கள் வேகமானதாக உணர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுகட்டமைப்பு, அந்த இன்டெக்ஸின் புள்ளிவிவரங்களையும் (வினவலை எப்படி இயக்குவது என்று சர்வர் முடிவுசெய்ய உதவுபவை) முழு ஸ்கேனுடன் புதுப்பிக்கிறது, மறுவரிசையாக்கம் அப்படிச் செய்வதில்லை. பல நேரங்களில் குணம் தந்தது புதிய புள்ளிவிவரம்தான். அதை மட்டும் தனியே புதுப்பித்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அணிற்பிள்ளை கேட்ட தானியங்கி வளர்ச்சி அளவை மறக்காமல் பாருங்கள். 2016 பதிப்புக்கு முன் தரவுக் கோப்பின் இயல்பான வளர்ச்சி 1 எம்பி. 2016 முதல் அது 64 எம்பி. பழைய பதிப்பில் பிறந்த தரவுத்தளம் எத்தனை முறை மேம்படுத்தப்பட்டாலும் பழைய அளவையே கூடக் கொண்டுவரும். கூடவே, தரவுத்தளத்தைச் சுருக்கும் பணி எதுவும் அட்டவணையில் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

வட்டுக்காவலன்

மூவருக்கும் நன்றி. ஒரு வாரம் அளந்துவிட்டு எழுதுகிறேன்.

பெரிய தரவுக் கோப்பு 7,40,000 துண்டுகளாக இருக்கிறது என்று காண்டிக் சொல்கிறது. ஒரு துண்டின் சராசரி இரண்டரை எம்பி. அணிற்பிள்ளையின் சூத்திரத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டைப் படிக்க 17 மில்லிவினாடி, தாவ 12 மில்லிவினாடி. அப்படியானால் வேகம் ஏறக்குறைய 58 சதவீதமாகக் குறைய வேண்டும். தரவு கால் பங்கு வளர்ந்ததால் ஐந்து மணி நேரம் ஆக வேண்டிய பேக்கப் ஒன்பது மணி நேரம் ஆகிறது. அதுவும் 56 சதவீதம்தான். என் அமைப்பில் பல வட்டுகள் இருப்பதால் இந்தப் பொருத்தத்தை ஓரளவு தற்செயல் என்றே கொள்கிறேன்; ஆனாலும் ஸ்பிளிட் ஐஓ எண்ணும் பேக்கப் நேரம் முழுவதும் உயர்ந்தே இருந்தது.

வளர்ச்சி அளவு 1 எம்பிதான். தரவுத்தளம் 2008 ஆர்2 பதிப்பில் உருவாக்கப்பட்டது. அதைவிட மனம் வருந்தச் செய்தது, எனக்கு முன்பிருந்தவர் காலத்திலிருந்து ஞாயிறுதோறும் ஓடும் ஒரு சுருக்கும் பணி. ஞாயிறு இரவில் கோப்பு சுருங்குகிறது. திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு எம்பியாக மீண்டும் வளர்கிறது. விடுபட்ட இடத்தை இதற்குள் மற்ற பதினொரு தரவுத்தளங்களும் பிடித்துக்கொள்கின்றன.

ஹைப்பர்-வி பக்கத்தில் மூன்று இயந்திரங்களில் பழைய செக்பாயின்ட்கள் இருந்தன, ஒன்றில் நான்கு அடுக்கு. அவற்றை இணைத்துவிட்டேன். உள்ளே டிஃப்ராக் ஓடவிடும் திட்டம் கைவிடப்பட்டது.

இனி தரவுக் கோப்பை மட்டும் காண்டிக் கொண்டு ஒன்றாக்கட்டுமா, அல்லது வேறு வழி உண்டா?

பக்கம்_8கேபி

சுருக்கும் பணியை இன்றே நிறுத்துங்கள், மற்றவை காத்திருக்கலாம். அது கோப்பின் கடைசியில் உள்ள பக்கங்களை எடுத்து முன்பகுதியில் கிடைக்கும் முதல் காலியிடத்தில் போடுகிறது. அதனால் இன்டெக்ஸ்களின் வரிசை தலைகீழாகிறது. வட்டிலும் உள்ளேயும் ஒரே பணி இரண்டு விதமான துண்டாடலையும் உண்டாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

1.8 டிபி கோப்பைக் காண்டிக்கால் ஒன்றாக்குவது கூடாத காரியம் அல்ல. ஆனால் அந்த வால்யூமில் காலியிடமே சிதறிக்கிடக்கும். அதை ஒருங்குசேர்க்கவே பல இரவுகள் ஆகும். எப்படியும் 665 பிழைக்காகப் புதிய வடிவமைப்பு தேவைப்படுகிறது என்பதால், இரண்டையும் ஒரே வேலையாக முடித்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு நேரம் ஒன்றை வாங்கி, எல்லாத் தரவுத்தளங்களையும் பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்கள் மீள்கின்றனவா என்று வேறு சர்வரில் சரிபார்த்தபின், வால்யூமை 64 கேபி கிளஸ்டருடனும் பெரிய கோப்புப் பதிவுத் தேர்வுடனும் வடிவமைத்து மீட்டெடுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் எட்டுப் பக்கங்களை ஓர் எக்ஸ்டென்ட்டாக, அதாவது 64 கேபியாக, ஒதுக்குவதால் அந்த அளவு பொருத்தமானது. மீட்டெடுக்கும்போது கோப்பு அதன் முழு அளவில் ஒரே மூச்சில் உருவாகிறது. காலியான வால்யூமில் அது பெரிய துண்டுகளாகவே அமரும். பெரிய தரவுத்தளத்தை முதலில் மீட்டெடுங்கள்.

அதன்பின் ஓராண்டு வளர்ச்சிக்கு வேண்டிய இடத்தை இப்போதே ஒதுக்கிவிட்டு, தானியங்கி வளர்ச்சியை 1 ஜிபி போன்ற நிலையான அளவில் வையுங்கள், சதவீதத்தில் வைக்காதீர்கள். சர்வீஸ் கணக்குக்கு வால்யூம் பராமரிப்பு உரிமை கொடுத்திருந்தால், தரவுக் கோப்பு வளரும்போது பூஜ்ஜியங்களை எழுதிக் காத்திருக்காது. 2005 பதிப்பு முதல் உள்ள வசதி இது. லாக் கோப்புக்கு இந்தச் சலுகை இல்லை. 2022 பதிப்பு முதல், 64 எம்பி வரையிலான தானியங்கி வளர்ச்சிக்கு மட்டும் தரப்பட்டிருக்கிறது. எனவே லாக் கோப்பை முடிந்தால் தனி வால்யூமுக்கு மாற்றி, தேவையான அளவில் முதலிலேயே உருவாக்குங்கள். அது சிறிது சிறிதாக வளர்ந்தால் உள்ளே ஆயிரக்கணக்கான மெய்நிகர் லாக் பகுதிகள் சேர்ந்து, சர்வர் மறுதொடக்கத்தின்போது தரவுத்தளம் மீளும் நேரத்தை நீட்டிவிடும்.

மேகத்தச்சர்

665 பற்றிய திருத்தத்துக்கு நன்றி. வேகத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதியதால் கணக்கேட்டின் வரம்பை மறந்துவிட்டேன். என் வரியை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: எஸ்எஸ்டி வால்யூமில் டிஃப்ராக் வேகத்துக்காகத் தேவைப்படுவது அரிது, ஒரு கோப்பு லட்சக்கணக்கான துண்டுகளாகிவிட்டால் அந்த ஒரு கோப்பை மட்டும், ஒரே ஒரு முறை, சரிசெய்ய நியாயம் உண்டு.

பென்குவின் நிழல்

லினக்ஸில் இதே சிக்கலோடு வருபவர்களுக்காகச் சில வரிகள் சேர்க்கிறேன். கோப்பு முறைக்குக் கோப்பு முறை விடை மாறுகிறது.

எக்ஸ்எஃப்எஸ் காட்டும் துண்டாடல் சதவீதமும் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் எண்ணைப் போலவே ஏமாற்றும். ஒரு கோப்புக்குச் சராசரியாகப் பத்து எக்ஸ்டென்ட் இருந்தாலே அது 90 சதவீதம் என்று காட்டும். 100 ஜிபி கோப்பில் பத்து எக்ஸ்டென்ட் என்பதோ மிக நல்ல நிலை. எனவே ஃபைல்ஃபிராக் கட்டளையால் குறிப்பிட்ட கோப்பை மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறையில், 4 கேபி பிளாக் இருக்கும்போது, ஓர் எக்ஸ்டென்ட்டின் உச்ச அளவே 128 எம்பி என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பின் எக்ஸ்டென்ட் அட்டவணை நீளமாக இருப்பதே சிதறலுக்குச் சான்றாகாது.

மிகுந்த கவனம் வேண்டியது பிடிஆர்எஃப்எஸ். அது இருந்த இடத்தில் மேலெழுதாமல் ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய இடத்தில் எழுதுவதால், தரவுத்தளக் கோப்பும் மெய்நிகர் வட்டுக் கோப்பும் வெகு விரைவில் பொடிப்பொடியாகின்றன. டிஃப்ராக் கட்டளை உண்டு. ஆனால் அது ஸ்னாப்ஷாட்களோடு பகிர்ந்துகொண்ட பகுதிகளைப் பிரித்துவிடுவதால், வால்யூம் திடீரென்று நிரம்பிவிடலாம். கோப்புகளை வைப்பதற்கு முன்பே காலியான அடைவில் சிஎச்அட்டர் கட்டளையின் பெரிய சி பண்பைக் கொடுத்துவிடுவதே வழி. ஏற்கெனவே தரவுள்ள கோப்புக்கு அந்தப் பண்பு செல்லாது. புதிய அடைவுக்குள் முழுமையாக நகலெடுக்க வேண்டும். அந்தப் பண்பு உள்ள கோப்புகளுக்குச் பழுதைக் கண்டறியும் செக்சம் பாதுகாப்பு இல்லாமல் போகும் என்பதையும் அறிந்தே முடிவெடுங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் டிஃப்ராக் என்ற கட்டளையே இல்லை. அதன் பட்டியலில் காணும் ஃபிராக் நெடுவரிசை, கோப்புகளைப் பற்றியது அல்ல, காலியிடத்தின் சிதறலைப் பற்றியது.

போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் வேக்யூம் ஃபுல் கட்டளையை டிஃப்ராக்காக எண்ணி வேலை நேரத்தில் இயக்கிவிடக் கூடாது. அது அட்டவணையை முழுவதும் புதிதாக எழுதுகிறது. முடியும் வரை அந்த அட்டவணையைப் படிக்கக்கூட ஒருவராலும் முடியாது.

வட்டுக்காவலன்

வேலை முடிந்தது, கடமைப்பட்டவன் என்ற முறையில் முடிவைப் பதிவுசெய்கிறேன்.

சனி இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை நேரம் கிடைத்தது. வால்யூமைப் பக்கம்_8கேபி சொன்னபடி வடிவமைத்து, பெரிய தரவுத்தளத்தை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் மீட்டெடுத்தேன். லாக் கோப்புகள் வேறு வட்டு இணைக்குப் போய்விட்டன. 7,40,000 துண்டுகளாக இருந்த கோப்பு இப்போது 41 துண்டுகளாக இருக்கிறது. சுருக்கும் பணி அழிக்கப்பட்டது. வளர்ச்சி அளவு 1 ஜிபி. முதல் முழு பேக்கப் ஐந்து மணி பத்து நிமிடத்தில் முடிந்தது; செக்டிபி இரண்டு வாரங்களாகப் பிழையின்றி நிறைவடைகிறது. டிஃப்ராக் மென்பொருள் வாங்கும் கோப்பை மேலதிகாரியே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் மாத இறுதி அறிக்கை ஒரு நிமிடம்கூட விரைவாகவில்லை. அது படிக்கும் பக்கங்கள் பெரும்பாலும் நினைவகத்திலேயே இருந்ததால் வட்டைத் தொட்டதே குறைவு என்று இப்போது புரிகிறது. மூன்று பெரிய அட்டவணைகளின் புள்ளிவிவரங்களை முழு ஸ்கேனுடன் புதுப்பித்தபின் இரண்டு அறிக்கைகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. மூன்றாவது இன்னும் மெதுவாகவே இருக்கிறது. அதன் செயலாக்கத் திட்டத்தை எடுத்துக்கொண்டு தனிக் கேள்வியாக எழுதுகிறேன்.